என் நஷ்டத்தில் கை வைக்காதே

கரட்டுக்காடு, சேந்தமங்கலத்துக்கு மேற்கே.
ஆங்கீரச வருஷம், ஆவணி மாதம்.

சிரஞ்சீவி மைத்துனன் செங்கோடனுக்கு, உன் அக்காள் பூவாத்தாளின் புருஷன் மாதையன் ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் அக்காளும் உயிரோடு இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதினால் அது பொய்ச்சாட்சி ஆகிவிடும். அவ்விடம் நீயும் உன் சம்சாரம் அத்தாயியும் குழந்தைகளும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பது முறை, ஆகவே கேட்டிருக்கிறேன். கொல்லிமலைச் சாமிகள் உங்களை எல்லா ஆபத்திலிருந்தும் காக்கட்டும். முக்கியமாக, நீ இப்போது செய்யப்போகிற காரியத்திலிருந்து காக்கட்டும்.

நிற்க. நீ உன் மயிலைக் காளைகளை விற்ற பணத்தையும் அத்தாயியின் நகைகளை விற்ற பணத்தையும் மடியில் முடிந்துகொண்டு, வருகிற வெள்ளிக்கிழமை நாமக்கல் வந்து, கோர்ட்டில் கட்டி, என் தோட்டத்து ஏலத்தை ரத்து செய்யப்போவதாகவும், அதற்கு மனுவில் நான் ஒரு கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்றும் வண்டிக்காரனிடம் சொல்லியனுப்பியிருக்கிறாய். நான் போடமாட்டேன். பதினைந்தாம் தேதி தாண்டினால் ஏலம் உறுதியாகித் தோட்டமும் கிணறும் ஏலம் எடுத்த பாலசுந்தரத்துக்கே போய்விடும் என்பது எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? உனக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரியும். அது போகத்தான் வேண்டும். ஏன் என்பதை உன் மண்டையில் ஏறும்படி இதில் எழுதுகிறேன். நீ எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கவே இரண்டு நாள் ஆகும் என்பதால் இன்றைக்கே எழுதுகிறேன்.

முதலில் உன் கிணற்றிலிருந்து தொடங்குவோம், எல்லாம் அங்கேதான் தொடங்கியது. மழை பொய்த்த காலத்தில் ஊரில் மற்றவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ மட்டும் பூமியைப் பார்த்தாய். பாறையை உடைத்தால் அடியில் ஊற்று இருக்கிறது என்று எவனோ ஒருவன் வேப்பங்குச்சியைப் பிடித்துக்கொண்டு சொன்னான். அவனுக்குக் கூலி கொடுத்தாய், வேட்டு வைத்தவர்களுக்குக் கூலி கொடுத்தாய், அதில் ஒருவனுக்கு இரண்டு விரல் போனபோது அந்த விரல்களுக்கும் கொடுத்தாய். கிணற்றிலிருந்து கடைசியில் வந்தது புகை. இவ்வளவுக்கும் நாமக்கல் பாலசுந்தரத்திடம் கடன் பத்திரம் எழுதினாய். நான் அதில் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். போடுவதற்கு முன் நீ என்ன சொன்னாய் என்பது எனக்கு நேற்று நடந்தது போல இருக்கிறது.

“மச்சான், உங்க மேல ஒரு தூசி உழுகாது. உழுந்தா நானாச்சுங்க” என்றாய்.

“அதை எழுதிக் குடு மாப்பிள்ளை” என்றேன்.

“ஒறவுக்குள்ள எதுக்குங்க காயிதம்?”

“ஒறவுன்னாலதான் காயிதம். அன்னியன் மூஞ்சிக்கு நேரா ஏமாத்துவான். ஒறவுக்காரன் அழுதுக்கிட்டே ஏமாத்துவான்.”

அப்போது உன் அக்காள் அடுப்படியிலிருந்து, “எழுதிக் குடுத்துரு சாமி. இல்லாட்டி இவுங்க இன்னிக்குச் சோறு திங்கமாட்டாங்க” என்றாள். அவள் சொன்ன பிறகே நீ கையெழுத்துப் போட்டாய். நான் சொன்னபோது நீ போடவில்லை என்பதை நான் மறந்துவிடவில்லை.

அந்த உத்தரவாதச் சீட்டை எழுதியவன் நான். நான் பள்ளிக்கூடத்துப் படி ஏறாதவன். எருமை மேய்க்கும்போது ரோட்டு மைல் கல்லில் எழுத்துப் படித்தவன். பிறகு திருச்செங்கோட்டுத் தேரில் அட்டை கிழிந்த தீர்ப்புப் புத்தகம் ஒன்றை வாங்கி அதை மூன்று தடவை உழுது முடித்தேன். ‘மேற்படி ஜாமீனால் மாதையனுக்கு நஷ்டம் நேரிட்டால், நேரிட்ட நஷ்டம் முழுவதையும் செங்கோடனாகிய நான் ஈடுசெய்யக் கடமைப்பட்டவன்.’ வக்கீலே வாசித்துவிட்டு, யார் எழுதிக்கொடுத்தது என்று கேட்டார். இதில் ஓட்டை ஒன்றும் இல்லை. ஓட்டை வேறு இடத்தில் இருந்தது.

பிறகு கடலை விலை விழுந்தது. மூட்டை கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோனால் வண்டிக் கூலிக்குக் காணவில்லை. உன்னால் கட்ட முடியவில்லை. பாலசுந்தரம் எனக்கு நோட்டீஸ் விட்டான். நோட்டீஸ் வந்த மறுநாளே நான் உன் மீது வழக்குப் போட்டேன். இதில் விரோதம் ஒன்றும் இல்லை, முறை. விசாரணை நாளன்று என் வண்டி அச்சு முறிந்து கிடந்ததால் உன் வண்டியிலேயே போனோம். வழியில் அத்தாயி கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைப் பகிர்ந்து தின்றோம். கோர்ட்டு வாசலில் நின்ற என் வக்கீல், “பிரதிவாதி வந்துவிட்டானா?” என்று கேட்டார். “மாட்டை அவுத்துக் கட்டிக்கிட்டு இருக்கறானுங்க” என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். வாதியும் பிரதிவாதியும் ஒரே வண்டியில் வந்து இறங்கினால் கேஸ் எப்படி உருப்படும் என்றார். உருப்படவில்லைதான். ஆனால் காரணம் வண்டி அல்ல.

முனிசீப் உன்னைக் கேட்டார். நீ கைகட்டி நின்று, “மச்சான் சொல்றது அத்தனையும் நெசமுங்க எசமான்” என்றாய். பிரதிவாதி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட பிறகும் வாதி தோற்றது இந்த ஜில்லாவில் எனக்கு மட்டுமே நடந்திருக்கும். முனிசீப் என்னைப் பார்த்து, “இதுவரை உனக்கு என்ன நஷ்டம்?” என்றார்.

“நோட்டீசு வந்துருக்குதுங்க.”

“நோட்டீஸ் நஷ்டம் அல்ல. கடனைக் கட்டினாயா?”

“இல்லீங்க.”

“சொத்து போயிற்றா?”

“இன்னும் போவலீங்க.”

“போன பிறகு வா” என்று வழக்கைத் தள்ளிவிட்டார்.

வெளியே வந்ததும் வக்கீல் விளக்கம் சொன்னார். இது நம் முனிசீப் கண்டுபிடித்த நியாயம் அல்லவாம். சீமையில் பல தலைமுறைகளுக்கு முன்பே தீர்ந்துபோன சங்கதியாம். அங்கேயும் ஒருவன் சிநேகிதனுக்காகக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். சிநேகிதனும் உன்னைப் போலவே, உனக்கு ஒரு கேடும் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறான். கடன்காரன் கதவைத் தட்டுமுன் இவன் பயந்துகொண்டு கோர்ட்டுக்கு ஓடியிருக்கிறான். குதிரை மயிரில் குல்லாய் போட்ட நீதிபதிகள், நீ இன்னும் நஷ்டப்படவில்லையே, நஷ்டப்பட்டுவிட்டு வா என்று அனுப்பிவிட்டார்களாம். பிற்பாடு வந்த சில நீதிபதிகள் இப்படிப்பட்டவர்களிடம் கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கிறார்கள், அதைச் சொல்லி அப்பீல் போடலாம் என்றார் வக்கீல். இரக்கம் எனக்கு வேண்டாம், தீர்ப்பு வேண்டும் என்றேன்.

“அந்தாளுக்கு அப்புறம் என்னாச்சுங்க?” என்று கேட்டேன்.

“எந்த ஆளுக்கு?”

“சீமைக்காரனுக்குங்க.”

“அது புத்தகத்தில் இல்லை” என்றார்.

பார், ஒரு மனிதன் தோற்ற இடத்தோடு புத்தகம் முடிந்துவிடுகிறது. அவன் வீட்டுக்குப் போய்ப் பெண்சாதியிடம் என்ன சொன்னான், அவன் காட்டை எவன் எடுத்தான், ஒன்றும் கிடையாது. ஏர் ஓட்டும்போதெல்லாம் எனக்கு அவன் ஞாபகம். உன் அக்காளிடம் சொன்னேன். அவள், “ஏனுங்க, அந்தாளுக்கு மச்சினன் யாருமே இல்லீங்களா?” என்று கேட்டாள். பெண்களுக்குச் சட்டத்தில் எந்த இடம் முக்கியம் என்பது தெரிவதில்லை.

அன்றைக்கே முடிவு செய்தேன். நஷ்டம்தானே கேட்கிறார்கள், பட்டுக் காட்டுகிறேன் என்று. களத்தில் கிடந்த கடலையையும் இரண்டு எருமைகளையும் விற்றிருந்தால் பாலசுந்தரத்துக்குப் பாதியாவது கட்டியிருப்பேன். கட்டவில்லை. அவன் கேஸ் போட்டான், நான் மறுக்கவில்லை. டிக்கிரி ஆயிற்று, ஜப்தி ஆயிற்று, ஏலத்துக்கு நாள் வைத்தார்கள்.

ஏலத்தன்று நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் நீ அதைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறாய், அதனால் எழுதுகிறேன். தமுக்கடித்து ஏலம் விடுகிற நிலத்தை நம் பக்கத்தில் ஊரான் கேட்கமாட்டான். கேட்டால் அவன் வீட்டு விசேஷத்தில் எவரும் கை நனைக்க மாட்டார்கள். ஒருவன் குடி அழிகிற இடத்தில் இன்னொருவன் குடி வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் வைத்த கட்டு அது. ஏலம் கூற வந்த கோர்ட்டு அமீனா தொண்டை வற்றக் கத்தினான். ஊர் முழுவதும் கொல்லிமலையைப் பார்த்துக்கொண்டு நின்றது, அன்றைக்குக் காலையில்தான் அது முளைத்தது போல. சேந்தமங்கலத்துக் கடலை வியாபாரி கரீம் பாஷா மட்டும் குடையோடு வந்திருந்தார். என்னிடம் வந்து மெதுவாக, “என்னங்க, ஒருத்தரும் வாயத் தொறக்கக் காணோம்?” என்றார்.

“எங்கூர்ல கேக்கமாட்டாங்க பாய்.”

“நான் உங்கூர் இல்லையே.”

“தாராளமாக் கேளுங்க. உங்களுக்குத் தடையில்லை.”

அவர் நிலத்தைப் பார்த்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். நல்ல தண்ணீர் என்றார். அப்புறம் மிளகாய்ப் பாத்தியில் மடை திருப்பிக்கொண்டிருந்த உன் அக்காளைப் பார்த்தார். ஏலம் நடப்பதே தெரியாதவள் போல அவள் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாள். கரீம் பாஷா குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்தார். “அந்தம்மா இன்னும் தண்ணி கட்டிக்கிட்டு நிக்கறாங்க. நமக்கு இது ஆவாதுங்க” என்று சொல்லிவிட்டு வரப்போடு போய்விட்டார். நல்ல மனிதர்கள் இத்தனை பேர் கூடி நின்றால் ஒரு குடியானவன் எப்படிப் பிழைப்பான்? இரண்டு பேர் போட்டி போட்டிருந்தாலும் விலை ஏறியிருக்கும். ஆனால் கட்டு என்றால் கட்டுதான். அதை மதிக்கிறவன் நான்.

அப்போதுதான் நீ மடியைத் தடவிக்கொண்டு முன்னே வந்தாய். வாயைத் திறக்கப் போனாய். ஊர்க்காரனே கேட்காத நிலத்தை உறவுக்காரன் கேட்பதா? சொந்த மச்சினனே காத்திருந்து விழுங்கினான் என்று நாளைக்குச் சொல்லமாட்டார்களா? அதனால்தான் சொன்னேன், “மாப்பிள்ளை, வாயத் தொறந்தீன்னா இன்னியோட ஒறவு அறுந்துது.”

“எனக்குக் கேக்கலீங்க மச்சான். அக்காளுக்குங்க” என்றாய்.

“எவளுக்கா இருந்தாலும் அப்படித்தான்.”

நீ துண்டை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். பாலசுந்தரம் ஒரு தடவை கேட்டான். ஒரு ஜோடி வயசான உழவு மாட்டு விலைக்கு. அமீனா ஒருதரம், ரண்டுதரம் சொல்லி முடித்தான். அது கடனுக்கும் போதாது. மீதிக்கு வீடு இருக்கிறதே என்று பாலசுந்தரம் வீட்டுப் பக்கம் பார்த்தான். வெயிலுக்காக நான் வரப்பில் உட்கார்ந்துகொண்டது உண்மை. ஆனால் மனசில் ஒரு பாரம் இறங்கியது. இனி எந்த முனிசீப்பும் என்னைப் பார்த்து என்ன நஷ்டம் என்று கேட்க முடியாது. வீட்டுக்கு வந்ததும் உன் அக்காள் கேட்டாள்.

“போச்சுங்களா?”

“போச்சு.”

“பூராவுமா?”

“பூராவும்தான். இனிமே நம்ம கேசுல ஒரு கொறையும் இல்லை.”

அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி தோட்டத்துக்குக் கிளம்பினாள். அது இப்போது பாலசுந்தரத்து நிலம், அவனுக்கு எதற்குத் தண்ணீர் கட்டுகிறாய் என்று கேட்டேன். “மொளகா நாத்துக்குப் பத்திரம் படிக்கத் தெரியாதுங்க” என்றாள். அன்றிலிருந்து தினமும் போகிறாள். போன வாரம் உன் வீட்டுக்கு வந்தவள், அத்தாயியின் காதில் தோடு இருந்த இடத்தில் ஈர்க்குச்சி இருப்பதைப் பார்த்துவிட்டு வந்து, தன் தோட்டையும் கழற்றிவிட்டு ஈர்க்குச்சி செருகிக்கொண்டாள். நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. வழக்குக்குச் சம்பந்தம் இல்லாத விஷயம்.

செவ்வாய்க்கிழமை வக்கீலிடம் போய், முழு நஷ்டம் வந்துவிட்டது, வழக்கைப் போடுங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். “இன்னும் வரவில்லை மாதையன். பதினைந்தாம் தேதிக்குள் கடன் பணமும், ஏலம் எடுத்தவனுக்கு ஏலத்தொகையில் நூற்றுக்கு ஐந்தும் கோர்ட்டில் கட்டினால் ஏலம் ரத்தாகும், தோட்டம் உனக்கே திரும்பும். உன் பொருட்டு யாராவது கட்டப்போகிறார்களா?” என்றார்.

“எனக்கு அப்படி விரோதிங்க யாரும் இல்லீங்க” என்றேன்.

வீட்டுக்கு வந்தால் உன் செய்தியோடு வண்டிக்காரன் நிற்கிறான்! இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த நஷ்டத்தை நீ ஒரே நாளில் அழிக்கப் பார்க்கிறாய். நீ கட்டிவிட்டால் எனக்கு நஷ்டம் இல்லை. நஷ்டம் இல்லையென்றால் வழக்கு இல்லை. வழக்கு இல்லையென்றால் அன்றைக்கு முனிசீப் சொன்னதே சரி என்று ஆகிவிடும். அந்தச் சீமைக்காரன் பாதியில் விட்டதை நான் முடித்துக் காட்ட வேண்டாமா? நாளைக்கு ஏதோ ஒரு கோர்ட்டில் ஏதோ ஒரு வக்கீல் எழுந்து, ‘மாதையன் எதிர் செங்கோடன்’ என்று வாசிக்க வேண்டும். உன் பேரும் அதில் இருக்கும். அதைக்கூட நீ யோசிக்கவில்லை.

ஜெயித்தால் உன்னிடம் வசூல் செய்ய என்ன இருக்கும் என்று உன் அக்காள் கேட்கிறாள். காளை போயிற்று, நகை போயிற்று, கிணற்றில் தண்ணீர் இல்லை. தெற்குத் தெருவில் இரண்டு குடும்பம் மேட்டூர் அணைக்குக் கல் சுமக்கப் போய்விட்டது. அடுத்தது நாமா நீங்களா என்கிறாள். வசூல் வேறு, தீர்ப்பு வேறு என்று விளக்கினேன். “தீர்ப்பை வறுத்துத் திங்கறதுங்களா, வேவிச்சுத் திங்கறதுங்களா?” என்று கேட்டாள். இதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை என்பதற்காக அவள் கட்சி ஜெயித்ததாக ஆகாது.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. நாமக்கல் பக்கம் வராதே. அந்தப் பணத்துக்குக் காளைகளைத் திரும்ப வாங்கு. வாங்கினவனிடமே கேள், அவன் நியாயஸ்தன். அத்தாயியின் காதில் எதையாவது போடு. பதினைந்தாம் தேதி கழிந்ததும் உனக்குச் சம்மன் வரும், மறுக்காமல் வாங்கிக்கொள். வெயிலில் நடந்து வருகிறவனுக்கு மோர் கொடு. விசாரணைக்கு இந்தத் தடவை தனித்தனியாகப் போவோம். எனக்கு நடக்கக் கால் இருக்கிறது. இதை மீறி நீ பணத்தைக் கட்டினால் சாகும்வரை உன்னோடு பேசமாட்டேன் என்பதை இதன் மூலம் அறிவிக்கிறேன். உன் கிணற்றில் தண்ணீர் ஊறட்டும், உன் பிள்ளைகள் வயிற்றில் சோறு குறையாமல் இருக்கட்டும். சின்னவளுக்கு இருமல் இருந்தால் துளசிச் சாறு கொடுக்கவும். அத்தாயிக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் மீது வழக்குப் போட்டவனும், இனியும் போடப்போகிறவனுமான
மாதையன்.

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்குமுன் படித்துக் காட்டச் சொன்னாள் உன் அக்காள். முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டே முழுவதையும் கேட்டாள். கேட்டு முடித்து, “நானும் ரண்டு வார்த்தை சொல்றேன், எழுதுங்க” என்றாள். முடியாது என்றேன். “எம்பட தம்பிக்குப் போற காயிதம். எம்பேரை இத்தனை எடத்துல போட்டிருக்கறீங்க. நாஞ் சொன்னதுல பாதியை எழுதிப் பாதியை உட்டா அது என்ன காயிதமுங்க?” என்றாள். என் ஆட்சேபம் தள்ளுபடி ஆயிற்று. அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். கருத்து என்னுடையது அல்ல.

“சாமி, வெள்ளிக்கெழம பணத்தை எடுத்துக்கிட்டு நேரா வக்கீல் ஊட்டுக்குப் போயிரு. இங்க வராத. வந்தீன்னா உங்க மச்சான் பேசுவாங்க, நீ அழுவே, தேதி போயிரும். தோட்டம் திரும்புச்சுன்னா வெள்ளாமையில பாதி உங்களுக்கு. எங்க மாடுதான் ரண்டு காட்டுக்கும் உழுகும். அத்தாயிகிட்டச் சொல்லு, அழுவ வேண்டாம்னு. பேசமாட்டேன்னு எழுதியிருக்கறாங்க. நீ எழுதி வெச்சுக்க, தீவாளி நோம்பி வரைக்குங்கூடத் தாங்காது.”

அவ்வளவுதான் அவள் சொன்னது. தீவாளி நோம்பி பற்றிச் சொன்னதை நான் மறுக்கிறேன். மேலே நான் எழுதியது எழுதியபடியே நிற்கிறது. எந்த மனுவிலும் நான் கையெழுத்துப் போடமாட்டேன். செவ்வாய்க்கிழமை கிளம்பும்போது வக்கீல் ஒரு வெற்றுத் தாளை நீட்டி, “எதற்கும் இருக்கட்டும்” என்றார். அதில் போட்டுக் கொடுத்தேன். எதற்கு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை எனக்கு மோகனூரில் வேலை இருக்கிறது. என்ன வேலை என்பதை அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும். காவேரியில் குளித்துவிட்டுத் திரும்ப இருட்டிவிடும். அதற்குள் யார் எதைச் செய்தாலும் அது எனக்குத் தெரியாமல் நடந்தது. வக்கீல் பத்து மணிக்குக் கோர்ட்டுக்குக் கிளம்பிவிடுவார். உன் வண்டியில் இப்போது மாடு இல்லை என்பதால், விடியுமுன் நடக்கத் தொடங்கு.